தேதி இருந்த பனீரும் தேதி தாண்டிய சேமியாவும்

கேள்வி: சூப்பர் மார்க்கெட் பை வீட்டுக்குள் வந்தாலே எங்களுக்குள் வாக்குவாதம்தான். என் கணவருக்கு உறையில் அச்சிட்ட தேதிதான் கணக்கு. ஒரு நாள் தாண்டினாலும் குப்பைக்கூடைக்குப் போய்விடும். 71 வயதாகும் என் மாமியார் தேதியைப் பார்க்கவே மாட்டார். முகர்ந்து பார்ப்பார், "ஒன்றும் ஆகவில்லை, நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும்" என்பார். போன வாரம், 'பெஸ்ட் பிஃபோர்' தேதி 12 நாள் தாண்டியிருந்த, பிரிக்காத சேமியா பாக்கெட்டைக் கணவர் தூக்கி எறிந்தார். அன்று மாலையே, தேதி முடிய இன்னும் 10 நாள் இருந்த பனீர் பாக்கெட் லேசாக உப்பியிருந்தது. "தேதி இருக்கிறதே" என்றார் கணவர். வெட்டி முகர்ந்துவிட்டு "வாடை இல்லையே" என்றார் மாமியார். எனக்கு மனம் ஒப்பவில்லை, கொட்டிவிட்டேன். வீட்டில் 4 வயது மகள் இருக்கிறாள். நான் செய்தது சரியா, காசை வீணாக்கினேனா? அட்டைப்பெட்டிப் பால் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும், பாக்கெட்டின் பின்னால் போட்டிருக்கும் எண்களும் பயமுறுத்துகின்றன. ஃபிரிட்ஜ் கதவில், பொங்கலுக்கு முன் திறந்த மயோனைஸ் பாட்டில் வேறு பாதி இருக்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பனீரைக் கொட்டியது சரி. சேமியாவை எறிந்ததுதான் வீண். அன்று தேதியை மட்டும் நம்பியிருந்தால் கெட்டுப்போனதைச் சாப்பிட்டு, நல்லதைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். உங்கள் மனம் ஒப்பாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அதைத்தான் இந்தப் பதிலில் விளக்கப் பார்க்கிறேன்.

உணவு நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். ஒரு பாக்கெட் கைக்கு வந்தால் நான் தேதியை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்தப் பொருளைக் கெடாமல் காப்பது எது? அந்தக் காவல் இன்னும் இருக்கிறதா?

சேமியா, ரவை, பருப்பு, பிஸ்கட் ஆகியவற்றுக்கு உலர்வுதான் காவல். ஊறுகாய்க்கு உப்பும் புளிப்பும் எண்ணெயும். ஜாமுக்குச் சர்க்கரை. டின்னில் அடைத்த பொருளுக்கும் அட்டைப்பெட்டிப் பாலுக்கும் காவல், கிருமியைச் சூட்டில் கொன்றுவிட்டுக் காற்றுப் புகாமல் அடைத்த அடைப்பு. பனீர், பாக்கெட் பால், வெண்ணெய், உறைய வைத்த பட்டாணி, இறைச்சி ஆகியவற்றுக்குக் குளிர். இவற்றில் குளிர் மட்டும் வேறு வகை. மற்ற காவல்களெல்லாம் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கின்றன, பொருளோடு சேர்ந்தே உங்கள் வீட்டுக்கு வருகின்றன. குளிர் பாக்கெட்டுக்கு வெளியே இருக்கிறது. அது பால் வண்டியின் கையில், கடைக்காரரின் மின் கட்டணக் கவலையின் கையில், மின்வெட்டின் கையில், கடைசியாக உங்கள் ஸ்கூட்டரின் கையில் இருக்கிறது. வழியில் எங்கே அது போனாலும் உறையில் அச்சிட்ட தேதி மாறாது. உள்ளே இருக்கும் பொருள் மாறிவிடும்.

பனீரில் ஏறக்குறைய பாதி தண்ணீர். உப்புக் கிடையாது, புளிப்பும் பெயருக்குத்தான். பாக்டீரியாவுக்கு அதைவிட வசதியான இடம் தேட வேண்டியதில்லை. அதைத் தடுத்து நிறுத்துவது 5 டிகிரிக்குக் கீழான குளிர் ஒன்றுதான். தேதி போடும் நிறுவனம், "பாக்கெட் முழு நேரமும் அந்தக் குளிரிலேயே இருந்தால் இத்தனை நாள்" என்றுதான் வாக்குக் கொடுக்கிறது. 'ஸ்டோர் பிலோ' என்று தொடங்கி இத்தனை டிகிரி என்று சொல்லும் சிறிய வரி தேதிக்குப் பக்கத்திலேயே இருக்கும். தேதியைப் படிப்பவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. உங்கள் கணவருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: அந்த நிபந்தனையைச் சேர்த்துப் படித்தால்தான் தேதிக்குப் பொருள்.

காற்றை உறிஞ்சி அடைத்த நல்ல பனீர் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் பனீர்க் கட்டியோடு தோல்போல ஒட்டியிருக்கும். ஓரங்களில் சிறு சிறு சுருக்கங்கள் இருக்கும். விரலால் தாளைக் கிள்ளித் தூக்க முடியாது. கட்டியின் நான்கு மூலைகளும் தாளுக்கு அடியில் கூராகத் தெரியும். கெடத் தொடங்கிய பாக்கெட்டில் முதலில் அந்தச் சுருக்கங்கள் மறையும். பிறகு தாள் கட்டியை விட்டு எழும்பும். மூலைகள் மழுங்கினாற்போல ஆகும். உள்ளே தேங்கியிருக்கும் தெளிந்த நீர் பால் கலந்ததுபோல் கலங்கும். அந்த உப்பல், கிருமிகள் பெருகும்போது விடுகிற வாயு. அடைப்பில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்து காற்று புகுந்திருந்தாலும் தாள் இப்படித்தான் தளரும், அதுவும் நல்லதல்ல. வாடை இல்லை என்று உங்கள் மாமியார் சொன்னது பொய்யில்லை. கிருமிகள் வாயு விடும் அளவுக்குப் பெருகிய பிறகும் வாடை வரச் சில நேரம் பிடிக்கலாம்.

ஒரே ஒரு குறை: நீங்கள் அதைப் பிரித்திருக்கக் கூடாது. பிரிக்காமல், பில்லோடு கடைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தையோ வேறு பாக்கெட்டையோ கேட்டு வாங்கியிருக்கலாம். மறுத்தால், பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்து, உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். நூறு ரூபாய்க்காக அலைய வேண்டுமா என்று தோன்றும். அந்தக் கடையின் குளிர்ப்பெட்டி சரியில்லை என்றால் அதே அடுக்கிலிருந்த மற்ற பாக்கெட்டுகளும் வேறு வேறு வீடுகளுக்குப் போயிருக்கும். அவற்றில் ஏதோ ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

உப்பியிருப்பதெல்லாம் கெட்டது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிப்ஸ் பாக்கெட் உப்பியிருந்தால்தான் நல்லது. எண்ணெய் காறாமலும் சிப்ஸ் நொறுங்காமலும் இருக்க நைட்ரஜன் வாயுவை அடைத்திருப்பார்கள். அது தளர்ந்து கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கடையில் விற்கும் இட்லி மாவுப் பாக்கெட்டும் உப்பத்தான் செய்யும். மாவு புளிக்கும்போது கரியமில வாயு வருவது இயல்பு. இட்லி பஞ்சுபோல வருவதற்கும் அதுதான் காரணம். அங்கே புளிப்பே காவல். மாவின் மேல் இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி இருந்தால், அல்லது புளிப்பு வாடையைத் தாண்டி அழுகல் வாடை அடித்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். மாவில் நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. பல பாக்கெட்டுகளில் அரைத்த தேதியும் இருப்பதில்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருப்பதில்லை. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

பால் பாக்கெட், பனீர், பதப்படுத்திய இறைச்சி, பழச்சாறு ஆகியவை உப்பினால் வேண்டவே வேண்டாம். டின் உப்பினால் அதைத் திறக்கவும் வேண்டாம், சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில்தான் போட்டுலினம் என்ற கிருமி தன் நஞ்சை உண்டாக்கும். சரியாகச் சூடேற்றாத காளான் டின், காய்கறி டின் ஆகியவை அதற்குத் தோதான இடங்கள். நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சு அது. வாடையே இல்லாமலும் இருக்கும். டின்னில் விளிம்பு மடிப்பின்மேல் ஆழமான நசுங்கல், கசிவு, அடியோடு அரித்த துரு இருந்தாலும் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது உங்கள் மாமியாரின் மூக்குக்கு வருகிறேன். அதை நான் மதிக்கிறேன். சோறும் குழம்பும் கெடும் வகைகளை நம் சமையலறைகள் எவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கின்றன, பாருங்கள். முறுக்கு நமுத்தது என்கிறோம். ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள், கெடுதல் இல்லை. எண்ணெய்ப் பலகாரம் சிக்கு வாடை அடிக்கிறது, காறுகிறது என்கிறோம். கொழுப்பு காற்றோடு சேர்ந்து சிதைந்துவிட்டது. பால் திரிந்தது, மாவு புளித்தது, ரொட்டி பூசணம் பூத்தது, பருப்பில் வண்டு விழுந்தது, சட்னி ஊசிப்போனது, பொங்கல் நூல் விடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி மாற்றம், தனித்தனிக் காரணம். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களைச் சொல்லித்தான் நான் பாடத்தைத் தொடங்குவேன். ரொட்டியைப் பிய்த்தால் நடுவில் பிசுபிசுவென்று இழை இழுப்பதும் பொங்கல் நூல் விடுவதும் ஒரே குடும்பத்து பாக்டீரியாக்களின் வேலைதான் என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஆனால், இந்தச் சொற்கள் எல்லாமே கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் எட்டிய மாற்றங்களுக்கு வைத்த பெயர்கள். சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற நோய்க்கிருமிகளுக்கு அப்படி ஒரு பெயர் நம்மிடம் இல்லை. அவை இருக்கும் உணவு நேற்றுப்போலவே மணக்கும், நேற்றுப்போலவே ருசிக்கும். உணவைக் கெடுக்கும் கிருமியும் நோயைக் கொடுக்கும் கிருமியும் பெரும்பாலும் வேறு வேறு. முன்னது தன் வாடையால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னது காட்டிக்கொடுக்காது. லிஸ்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாக அது பரவி, 1,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பச்சிளம் குழந்தைகள் அதிகம். கடைகளில் எல்லோரும் வழக்கமாக வாங்கும் பொருள்தான் அது.

ஆகவே மூக்குக்கு ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த பொருளுக்கும் எண்ணெய்ப் பலகாரத்துக்கும் மாமியாரின் மூக்கு தேதியைவிடச் சிறந்த நீதிபதி. குளிரால் காக்கப்படும் பொருளில், கெட்டுப்போனது என்று மூக்கு சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. கொதி கிருமியைக் கொல்லும். கிருமி முன்பே உமிழ்ந்து வைத்த நஞ்சு எல்லாவற்றையும் அழித்துவிடாது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு கொதிநீரையும் தாங்கும். கெட்ட பனீரை வறுத்துக் குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்தாலும், சாப்பிட்ட சில மணி நேரத்தில் குடும்பமே வாந்தி எடுப்பது இதனால்தான்.

இதைவிடப் பிடிவாதமானது அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. நம் வீடுகளில் புழங்கும் நிலக்கடலையோடு தொடர்புள்ளது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப் பார்த்தபோது தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் காரணம் கிடைத்தது. அதில் வளர்ந்த ஒரு பூஞ்சையின் நஞ்சு அது. ஈரலைத் தாக்கும், காலப்போக்கில் ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் முழுதாகப் போகாது, பொரித்தாலும் போகாது. எனவே நிலக்கடலைப் பாக்கெட்டைப் பிரித்ததும் தட்டில் கொட்டிப் பரப்பிப் பாருங்கள். சுருங்கியவை, நிறம் மாறியவை, பச்சையோ மஞ்சளோ பூத்தவை, கசப்பவை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். நிறைய அப்படி இருந்தால் பாக்கெட்டையே எறியுங்கள். முறத்தில் கொட்டிச் சொத்தைக் கடலையைப் பொறுக்கும் பழக்கம் உங்கள் மாமியாருக்கு நிச்சயம் இருக்கும். பாக்கெட்டில் வந்துவிட்டது என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ரொட்டியிலும் இதே கதைதான். பூசணம் பூத்த துண்டை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள். மேலே தெரிவது பூ; அதன் வேர் போன்ற இழைகள் பஞ்சுக்குள்ளே வெகுதூரம் ஓடியிருக்கும்.

சேமியாவுக்கு வருவோம். அதில் இருக்கும் ஈரம் பாக்டீரியா வளரப் போதாது. பிரிக்காத பாக்கெட் என்றால் உலர்வு என்ற காவல் அப்படியே இருக்கிறது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது, இந்த நாள்வரை ருசியும் மணமும் நாங்கள் சொன்னபடி இருக்கும் என்ற வாக்கு. அந்த நாள் முடிந்த நள்ளிரவில் சேமியா நஞ்சாகிவிடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வண்டோ சிலந்தி இழைபோன்ற நூலோ மக்கிய வாடையோ இல்லையென்றால் வறுத்து உப்புமா செய்திருக்கலாம். 'யூஸ் பை', 'எக்ஸ்பைரி' என்பவை வேறு. அவை பாதுகாப்புக்கான எல்லை, அதைத் தாண்டியதைச் சாப்பிட வேண்டாம், கடையில் விற்கவும் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, தயாரித்த அல்லது பாக்கெட்டில் அடைத்த தேதியோடு இந்த எக்ஸ்பைரி தேதியும் கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது விரும்பினால் போடலாம். இரண்டும் அச்சிட்டிருந்தால் எது எது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

உலர்ந்த பொருள் எல்லாமே சேமியா மாதிரி நெடுநாள் தாங்கும் என்றும் சொல்ல மாட்டேன். எண்ணெய்ச் சத்து உள்ளவை சீக்கிரம் காறிவிடும். கம்பு மாவு, எள், முந்திரி, கோதுமைத் தவிடு இவற்றைத் தேதிக்கு முன்பே கூட ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்து, கசந்தால் விட்டுவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டே மூட்டையில் வாங்கிப் பிரித்து அடைத்து ஸ்டிக்கர் ஒட்டும் பருப்பு, கடலை வகைகளில் 'பேக்டு' என்ற தேதி அவர்கள் அடைத்த நாளை மட்டும் சொல்லும். மூட்டை கிட்டங்கியில் எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்லாது. தேதியின் மேல் இன்னொரு தேதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தப் பாக்கெட்டை எடுக்கவே வேண்டாம்.

கடையில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சித்திரை மாத மதியம், ஒரு கடை வாசலில் தயிர் டப்பாக்களும் வெண்ணெயும் வந்து இறங்கின. கணக்குப் பார்க்க வேண்டிய ஆள் சாப்பிடப் போயிருந்தார். நான் பொருள்கள் வாங்கி, பில் போட்டு வெளியே வரும்போதும் அந்தப் பெட்டிகள் தரையிலேயே இருந்தன. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வெண்ணெய்ப் பெட்டியின் அட்டை ஓரத்தில் எண்ணெய்க் கறை ஊறியிருந்தது. மாலையில் அவை குளிர்ப்பெட்டிக்குள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் தேதியைப் பார்த்து நிம்மதியாக எடுத்துக்கொண்டு போயிருப்பார். குளிரில் வைக்க வேண்டிய உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது பொதுவான கணக்கு. கோடையில் 40 டிகிரியைத் தொடும் திருச்சிக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது? உறைய வைத்த பட்டாணியைக் குலுக்கிப் பாருங்கள். கூழாங்கல்போலத் தனித்தனியாகக் கலகலத்தால் நல்லது. ஒரே பாறையாக இருந்தால், இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பாக்கெட்டுக்குள் பனித்தூள் மண்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான். ஐஸ்கிரீம் பெட்டி சப்பையாகவோ ஓரத்தில் வழிந்து காய்ந்ததாகவோ இருந்தால், இரவில் மின்சாரத்தை அணைத்து வைக்கும் கடையாக இருக்கலாம். குளிர்ப்பெட்டிக்குள் கையை நீட்டிப் பாருங்கள். வெறும் விளக்கு மட்டும் எரிந்து குளிர் இல்லாத பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அடுக்கின் விளிம்புக்கு மேலே குவித்து வைத்திருப்பதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுங்கள். குளிர்ப் பொருள்களைக் கடைசியாக வாங்குங்கள், வழியில் வேறெங்கும் நிற்காதீர்கள். காலையில் வாசல் கேட்டில் மாட்டிய பையில் பால்காரர் பாக்கெட் போட்டுவிட்டுப் போவார். அதை எட்டு மணிக்கு எடுப்பவர்கள் உண்டு. எழுந்ததும் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் பால், பனீர், இறைச்சி இவற்றைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

அட்டைப்பெட்டிப் பாலில் மருந்து எதுவும் இல்லை. சாதாரணப் பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவார்கள். நோய்க்கிருமி சாகும், மற்றவற்றில் சில பிழைக்கும், அதனால் குளிர் வேண்டும். அட்டைப்பெட்டிப் பாலைச் சில விநாடிகளே ஆனாலும் 135 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கிருமி நீக்கிய பல அடுக்கு அட்டையில் காற்றுப் படாமல் அடைப்பார்கள். உள்ளே கெடுப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அடைப்பு இருக்கும்வரைதான் அந்த வரம். கத்தரித்து மூலையைத் திறந்தால் அதுவும் சாதாரணப் பால்தான். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

எண்களைப் பற்றி வாட்ஸ்ஆப்பில் வருவதைப் படித்துத் தூக்கம் கெட வேண்டாம். 330 என்பது எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். 300 வைட்டமின் சி. 440 பழத்தோலில் இருக்கும் பெக்டின். 100 மஞ்சளின் நிறப்பொருள். எண் போட்டதாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது. கெட்டது என்று தெரிந்தபோது விலக்கியும் இருக்கிறார்கள். ரொட்டியில் போட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016இல் இந்தியா தடை செய்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் உலர்பழப் பாக்கெட்டுகளில் சல்ஃபைட் என்ற சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். எண்களைவிட எனக்குக் கவலை தருவது சோடியம் வரி. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம்தான் எல்லை, குழந்தைக்கு அதைவிடக் குறைவு. உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மகளுக்கு அதை எத்தனை நாளைக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் 4 வயதுக் குழந்தையும் 71 வயதுப் பெரியவரும் இருக்கிறார்கள். கிருமி நஞ்சு இந்த இரண்டு வயதினரையும் கர்ப்பிணிகளையும்தான் முதலில் வீழ்த்தும். உங்கள் கணவர் தாங்கிக்கொள்வதை அவர்கள் தாங்க மாட்டார்கள். அதனால் குளிர்ப் பொருளில் சந்தேகம் வந்தால் தயங்காமல் கொட்டுங்கள். அந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை வீட்டுக்கு வந்தால், எவ்வளவு சுத்தமான தேன் என்றாலும் நாக்கில் தடவ விடாதீர்கள்; மேலே சொன்ன போட்டுலினத்தின் விதைகள் தேனில் இருக்கலாம், பிஞ்சுக் குடலில் அவை முளைத்துவிடும். எதையாவது சாப்பிட்டபின் மகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குங்கள். சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சலோடு சோர்ந்து படுத்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டின் உணவு சாப்பிட்டவருக்குக் கண் இமை தொங்கினாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும், விழுங்க முடியாமல் போனாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கடைசியாக மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் சால்மோனெல்லா வரும் ஆபத்து இருப்பதால்தான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அதை ஓராண்டுக்குத் தடை செய்தது. நீங்கள் வாங்கிய பாட்டிலில் முட்டையே இல்லாமலும் இருக்கலாம், கிருமி நீக்கிய முட்டையும் இருக்கலாம். லேபிளைப் பார்த்தால் தெரியும். திறக்காத பாட்டிலுக்கு அதன் புளிப்பும் அடைப்பும் காவல். ஆனால் பொங்கலுக்கு முன் திறந்தது என்கிறீர்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை ரொட்டி தடவிய கரண்டி உள்ளே போயிருக்கும், எத்தனை மின்வெட்டைக் கண்டிருக்கும்? ஃபிரிட்ஜ் கதவோ, திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாகும் இடம். அச்சிட்ட தேதி திறந்த பாட்டிலுக்குப் பொருந்தாது. 'திறந்த பின் இத்தனை நாளுக்குள்' என்று பக்கத்தில் வேறு ஒரு வரி இருக்கும், அதுதான் இனி அதன் தேதி. இதை இன்றே கொட்டிவிடுங்கள். அடுத்த பாட்டிலைத் திறக்கும் அன்றே மூடியில் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதி வையுங்கள். கதவில் வைக்காமல் உள் தட்டில் வையுங்கள்.